ஃபேன் இல்லாத பெட்டி

மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்தால் பிராசசர் தலைமேல் ஒரு ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். டேப்லெட்டுக்குள் அது கிடையாது. மேஜைக் கம்ப்யூட்டரின் பிராசசர் 65 வாட், அதற்கு மேலும் இழுக்கும். டேப்லெட்டில் உள்ளதற்கு நாலைந்து வாட்டுக்கு மேல் தொடர்ந்து கொடுத்தால் கையில் பிடிக்க முடியாமல் சுடும். பேட்டரியும் மத்தியானத்துக்குள் படுத்துவிடும். ஆகவே அந்தச் சிப்பை வடிவமைப்பவருக்கு வேகத்தை விடப் பெரிய கவலை சூடுதான்.

மின்சாரத்தோடு காலம் தள்ளிய எனக்கு இதில் ஒரு கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேகம் கூடக்கூட அதே விகிதத்தில் மின்செலவு ஏறும். மின்னழுத்தம் கூடினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏறும். இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள்: செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும், வேகம் 20 சதவீதம்தான் குறையும். இப்படி நொடிக்குப் பல தடவை ஏற்றி இறக்குகிறது அந்த நகத்தளவு சிப்.

இன்னொரு உபாயம் நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில், நனைந்த வயலின் மடையை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள் அல்லவா? கணக்குப் போடும் பகுதி, படம் வரையும் பகுதி, வீடியோ, கேமரா எல்லாம் ஒரே சிப்பில் இருக்கின்றன. நீங்கள் தினசரி வாசிக்கும்போது கேமராப் பகுதிக்கு மின்சாரமே போவதில்லை. 2011இல் இங்கிலாந்தின் ஆர்ம் நிறுவனம் பெரிய பிராசசரையும் சிறிய பிராசசரையும் ஒரே சிப்பில் சேர்க்கும் முறையை அறிவித்தது. மெயில் பார்க்கச் சின்னது, விளையாட்டுக்குப் பெரியது. கத்தரிக்காய் வாங்க லாரி எதற்கு?

அதே 2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் 'ஆகாஷ்' டேப்லெட் வெளியானது ஞாபகம் இருக்கிறதா? மாணவர்களுக்கான மலிவு டேப்லெட். எவ்வளவு பேச்சு! ஆனால் உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 256 எம்பி நினைவகமும். தொடுதிரையை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கும். மறுவருஷம் வந்த ஆகாஷ் 2இல் 1 கிகாஹெர்ட்ஸ், தேவலை. இரண்டிலும் பெயர் நம்முடையது, சிப் நம்முடையதல்ல. முதலாவதில் அமெரிக்க நிறுவனத்தின் சிப், அடுத்ததில் சீன நிறுவனத்தின் சிப். விலையையும் தரத்தையும் முடிவு செய்கிற பொருள் வெளியே இருக்கும்போது, மேல்மூடியில் நம் பெயரை எழுதி என்ன செய்ய? ஆகாஷ் தேங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனக்கு உறுத்தியது இதுதான்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' பிராசசரை அதனால்தான் ஆவலோடு கவனிக்கிறேன். ஆர்ம் வழியில் போனால் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். இவர்கள் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய 'ரிஸ்க் ஃபைவ்' கட்டளைத் தொகுப்பின் மேல் கட்டினார்கள். 2018இல் வந்த முதல் சிப்பை அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் அடித்தார்கள். பிறகு ஒன்று நம் நாட்டிலேயே, இஸ்ரோவுக்குச் சிப் செய்துதரும் அரசு ஆலையில். டேப்லெட்டுக்குப் போக இன்னும் தூரம் இருக்கிறது. படம் வரையும் பகுதி ஒன்றே தனி மலை.

நம்மூருக்கு வருகிறேன். மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ, சிப் ஆலைத் திட்டத்தை, தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வரவில்லை என்று 2025இல் ஒதுக்கி வைத்தது. பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஆலைக்குப் பல்லாயிரம் கோடி வேண்டும். துகள் கலக்காத தண்ணீர் ராப்பகலாக வேண்டும். குற்றாலத்தில் கொட்டுகிறதே என்பீர்கள். சீசன் தண்ணீரை நம்பி ஆலை ஓட்ட முடியுமா? வடிவமைப்பு வேறு விஷயம். கம்ப்யூட்டரும் பொறுமையும் போதும். அதிலும் பெரும்பகுதி சரிபார்ப்பு வேலை. சாஃப்ட்வேரில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தி அனுப்பலாம். சிப் அடித்து வந்தபிறகு தப்பு தெரிந்தால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் வரைகிறவரைவிடச் சோதிப்பவர்கள் அதிகம் தேவை. சாஃப்ட்வேர் வேலையை வயல் நடுவே செய்துகாட்டிய ஊருக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

தடை, வடிவமைக்கும் மென்பொருள்களின் விலை. கேட்டால் தலை சுற்றும். பெங்களூரு சி-டாக்கில் உள்ள 'சிப்இன்' மையம் வழியாக மத்திய அரசு அவற்றைக் கல்லூரிகளுக்குத் தருகிறது. பேரன் பேத்தி எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற வீடுகளில், தங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.