ஐந்து முகப்புகள், ஐந்து மோட்டார்கள்

 

மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவருக்கு மின்கம்பிகளோடும் மோட்டார்களோடும் என்ன தொடர்பு என்று சில மாதங்களாகப் பலர் என்னிடம் கேட்டுவருகின்றனர். சிலர் ஆர்வத்தோடு கேட்டார்கள். சிலர் சற்று முகம் சுளித்தும் கேட்டார்கள். மார்க்கக் கல்வி தேடி வரும் பிள்ளைகளின் நேரம் வீணாகிறதோ என்ற கவலை அவர்களுடையது. அக்கவலை நியாயமானது. எனவே நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பள்ளிவாசல்களின் சுவரில் ஜமாஅத் நேரங்களைக் காட்டும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஃபஜ்ர், லுஹர், அஸர், மஃரிப், இஷா என ஐந்து கடிகார முகப்புகள். அவை ஓடுவதில்லை. நேரம் மாறும்போதெல்லாம் மோதினார் ஏணி வைத்து ஏறி, முட்களைக் கையால் திருப்பி வைப்பார். எங்கள் மோதினாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. சென்ற ஆண்டு அவர் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து, ஒரு மாதம் எழுந்து நடமாட இயலாமல் இருந்தார். அவர் மீண்டும் ஏணியைத் தூக்கி வந்த நாளில்தான் மாலை வகுப்பு மாணவர்கள், "ஹஜ்ரத், இதை நாமே செய்ய முடியாதா?" என்று கேட்டார்கள்.

இத்தகைய முயற்சி நமக்குப் புதிதன்று. தியார்பக்கிரில் அர்துகி அரசவையில் பணியாற்றிய இஸ்மாயீல் அல்ஜஸரீ, 1206-ஆம் ஆண்டில் நிறைவு செய்த தமது நூலில் நீர்க் கடிகாரங்களையும், ஒளூச் செய்ய நீர் வார்க்கும் இயந்திர உருவத்தையும் வரைபடங்களோடு விளக்கியுள்ளார். சுழலும் அச்சில் முளைகளைப் பதித்து, அவை நெம்புகோல்களைத் தட்டுவதன் மூலம் பல பொம்மைகளை முறைப்படி இயக்கும் அமைப்பும் அதில் உண்டு. அன்று முளைகள் செய்த வேலையை இன்று சில வரி நிரல் செய்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது ராஸ்பெரி பை எனும் உள்ளங்கை அளவான கணினிப் பலகை. முகப்பு ஒன்றுக்கு ஒன்றாக ஐந்து ஸ்டெப்பர் மோட்டார்கள் வாங்கினோம். சாதாரண மோட்டார் மின்சாரம் கொடுத்தவுடன் சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டாரோ சொன்ன அளவு அடியெடுத்து வைத்து நின்றுவிடும். ஆனால் கணினிப் பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டில் மிகச் சிறிய மின்னோட்டத்தையே தாங்கும். அவற்றில் மோட்டாரை நேரடியாக இணைத்தால் பலகை பழுதாகும். ஆகவே இடையில் ஓர் இயக்கிச் சில்லு வேண்டும். பலகை கட்டளை இடும், சில்லு மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும்.

முதல் சோதனையில் ஐந்து மோட்டார்களும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. பலகை அணைந்து மீண்டும் தொடங்கியது. ஒரு மோட்டாருக்கு ஏறத்தாழ 200 மில்லி ஆம்பியர் என்றால் ஐந்துக்கும் 1 ஆம்பியர். பலகைக்கு வரும் மின்சாரத்திலிருந்தே அதையும் எடுத்ததால் அழுத்தம் சரிந்துவிட்டது. மோட்டார்களுக்குத் தனி மின்வழங்கி வைத்து, இரண்டின் எதிர்முனைகளை மட்டும் ஒன்றாக இணைத்தோம். அத்துடன் ஃபஜ்ர் முதல் இஷா வரை ஒன்றன்பின் ஒன்றாகவே நகருமாறு நிரலையும் மாற்றினோம். பன்னிரண்டிலிருந்து ஐந்தும் தத்தம் நேரத்தை அடைய மூன்று நிமிடங்கூட ஆவதில்லை.

இந்த மோட்டாருக்கு ஒரு குறை உண்டு. எத்தனை அடி எடுத்துவைக்க வேண்டும் என்று சொன்னால் வைக்கும். தான் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. மின்சாரம் போய் வந்தால் முள் எந்த இடத்தில் உள்ளது என்று கணினியும் அறியாது. எனவே ஒவ்வொரு முகப்பிலும் மணி முள்ளிலும் நிமிட முள்ளிலும் சிறு காந்தங்களை ஒட்டி, அவற்றைக் கண்டறியும் உணரிகளைப் பொருத்தினோம். மின்சாரம் வந்தவுடனும், ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பின்னும் முட்கள் பன்னிரண்டுக்கு வந்து நின்று, அங்கிருந்து எண்ணிப் புறப்படும்.

அதன் பிறகும் நேரம் பொருந்தவில்லை. லுஹர் 1.15-க்குச் சரியாக இருப்பதுபோலவே தோன்றியது. ஆனால் இஷா 8.45-ஐ இரண்டரை நிமிடம் தாண்டி நின்றது. பள்ளிக் கணக்கில் பின்தங்கியவள் என்று தாயார் வருந்திய பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி, ஐந்து முகப்புகளின் பிழையையும் வரிசையாக எழுதி வைத்தாள். "ஹஜ்ரத், மணி கூடக் கூடத்தான் தப்பும் கூடுகிறது" என்றாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பிழை சேர்கிறது என்பது அப்போது விளங்கியது.

மோட்டாரின் ஒரு முழுச்சுற்றுக்கு 2048 அடிகள் என்று வைத்தே நிரல் எழுதப்பட்டிருந்தது. விற்பனைக் குறிப்பில் பற்சக்கர விகிதம் 64 என்று இருந்தது. பழுதான ஒரு மோட்டாரைத் திறந்து பற்களை எண்ணினோம்: 32-க்கு 9, 22-க்கு 11, 26-க்கு 9, 31-க்கு 10. இந்நான்கு விகிதங்களையும் பெருக்கினால் 63.68-தான் வருகிறது. உள்ளே இருக்கும் சுழலியின் 32 அடிகளால் அதைப் பெருக்கினால் ஏறத்தாழ 2038. சுற்றுக்குப் பத்து அடி வேறுபாடு. எட்டே முக்கால் சுற்றில் அதுவே இரண்டரை நிமிடம். அந்த ஓர் எண்ணை மாற்றியதும் ஐந்து முட்களும் சரியான இடத்தில் நின்றன. அம்மாணவியின் தாயார் இப்போது கணக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இதற்கிடையில் மோதினார் என்னிடம் தனியே வந்தார். "முள் திருப்புவதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டால், ஹஜ்ரத், நாளைக்கு எனக்கு என்ன வேலை இருக்கும்?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாக அந்த அமானிதத்தைச் சுமந்தவர் அவர். மாணவர்களிடம் இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு அவர்களே முடிவு செய்தார்கள்: நேரத்தை இயந்திரம் தீர்மானிக்கக் கூடாது. மார்பளவு உயரத்தில் ஒரு பெட்டி. அதில் மோதினார் குமிழைத் திருப்பினால் மட்டுமே நான்கு வக்துகளின் முட்கள் நகரும். மஃரிப் மட்டும் நிர்வாகம் ஒப்புக்கொண்ட ஆண்டு அட்டவணைப்படி தேதிக்கேற்ப மாறும். எங்களிடமுள்ள பலகை மின்சாரம் நின்றால் தேதியைத் தவறவிடும் என்பதால், சிறு மின்கலத்தோடு கூடிய கடிகாரச் சில்லு ஒன்றையும் சேர்த்தோம். நோன்புக் காலத்தில் மஃரிப் ஒரு நிமிடம் முந்தினாலும் அது விளையாட்டன்று என்பதைப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள்.

இன்னொன்றையும் செய்தோம். காந்தத்தை உணரி காணவில்லையென்றால் அம்முகப்பின் அருகே சிவப்பு விளக்கு எரியும்: 'இந்த நேரத்தை நம்ப வேண்டாம்' என்பது அதன் பொருள். இமாம் மாலிக் அவர்கள் தமக்குத் தெரியாதவற்றைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதவர் என்பதை மாணவர்கள் பாடத்தில் படித்திருக்கிறார்கள். விளக்கு வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். குர்ஆன் பாடத்தின் நேரத்தில் ஒரு நிமிடத்தையும் இதற்காக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அஸருக்குப் பின் விளையாடும் நேரத்தையே பிள்ளைகள் விரும்பிக் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளை பழைய மோட்டார் ஒன்றைத் திருகாணி கழற்றிப் பார்த்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் கை வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய அறிவைப் பிறர் சுமையைக் குறைக்கும் அறிவாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.