மூட்டுவாயும் ஓர் அமானிதமே

கடல் கடந்து பொருளீட்டச் சென்ற நம்மவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கடைச் சிப்பந்தியாகவும், கட்டடத் தொழிலாளியாகவும், அரபு வீட்டு ஓட்டுநராகவும் அவர்கள் பட்ட பாடுகள் கதைகளில் வந்திருக்கின்றன. கண்ணீர்க் கடிதங்களாகவும் வந்திருக்கின்றன. ஆனால், வளைகுடா நெடுஞ்சாலைகளில் பழுதாகி நிற்கும் வாகனங்களைத் தூக்கிச் செல்லும் வண்டியின் ஓட்டுநர் நம் எழுத்தில் அருகியே தென்படுகிறார். அவ்வண்டியை அங்கே 'ரெக்கவரி' என்பார்கள். பின்புறம் சாயும் தட்டையான மேடையும், இரும்புக் கயிற்றை இழுத்துச் சுருட்டும் வின்ச்சும் உடைய டீசல் வண்டி அது. வெயில் 45 பாகையைத் தாண்டும் நண்பகலில், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் சாலையோரம் தவித்து நிற்கும்போது, தொலைவில் அதன் மஞ்சள் விளக்குச் சுழலக் கண்டால் போன உயிர் திரும்பி வரும். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணும் சமுதாயம் நாம். அவ்வகையில் இவ்வோட்டுநரின் தொழில் மிகவும் மேலானதே.

ஆயினும், உதவ வந்தவரே உதவி நாடி நின்றுவிட்டால் என்ன செய்வது? அவ்வாறு நிற்க நேர்வதும் உண்டு. அதற்குப் பல வேளைகளில் காரணமாவது பெரும் பழுதன்று. டர்போவையும் எஞ்சினையும் இணைக்கும் காற்றுக்குழாய் ஒன்று கழன்று தெறிப்பதுதான். அந்தக் குழாய் ஏன் கழல்கிறது, கழலாமல் காப்பது எங்ஙனம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இயந்திர நுட்பம் நமக்கெதற்கு என்று வாசக நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இந்தச் சிறு குழாயின் பின்னே ஓர் ஏழை ஓட்டுநரின் ஊதியமும் மானமும் தொங்கிக்கொண்டிருந்ததை நாம் கண்டோம்.

முதலில் இவ்வண்டியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். பழுதான வாகனத்தை இழுத்துச் செல்லத் தனி வண்டி ஒன்றை 1916ஆம் ஆண்டில் உருவாக்கியவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர். ஓடையில் கவிழ்ந்த கார் ஒன்றை ஆட்கள் பலர் சேர்ந்து கயிறு கட்டி மணிக்கணக்கில் இழுத்துக் கரைசேர்த்த பாடே அவரை அச்சிந்தனைக்குத் தூண்டியது. அதற்கும் முன்னரே, 1905ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி வேறொரு சிந்தனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம். அச்சக்கரத்தின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திக் காற்றை அழுத்தி எஞ்சினுக்கே ஊட்டலாம் என்பது அது. வீணாவதை மீட்டுப் பயன்கொள்ளும் அந்த ஏற்பாடே டர்போ. பிற்காலத்தில் இவ்விரு சிந்தனைகளும் ஒரே வண்டியில் வந்து கூடின. இன்றைய ரெக்கவரி வண்டிகளில் டர்போ இல்லாததைக் காண்பது அரிது.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இது விளங்கும். வெளிக்காற்று 45 பாகையாக இருக்க, டர்போ அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் கூடுதலாக ஏற்றினால், வெளிவரும் காற்றின் வெப்பம் 200 பாகையைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்து மெலிந்தது. அதில் எரிபொருளை எரிக்கும் சத்துக் குறைவு. ஆகையால் அதை இண்டர்கூலர் என்னும் குளிர்விப்பானுக்குள் செலுத்தி, 70 பாகை அளவுக்கு ஆற்றிய பின்னரே எஞ்சினுக்குள் விடுகிறார்கள். அவ்வாறு ஆறிய காற்றின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடிவிடுகிறது. டர்போவிலிருந்து இண்டர்கூலருக்குச் செல்வது வெப்பக் குழாய். அங்கிருந்து எஞ்சினுக்குச் செல்வது குளிர்க் குழாய். இவ்விரு உலோகக் குழாய்களின் முனைகளையும் ரப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸ்கள் இணைக்கின்றன; ஹோஸ்களை இரும்புக் கிளிப்புகள் பற்றிப் பிடிக்கின்றன.

இப்பொழுது ஒரு சிறு கணக்கு. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர சென்டிமீட்டர். அதன்மீது 2 கிலோ வீதம் அழுத்தினால் மொத்தம் 77 கிலோ. நன்கு வளர்ந்த ஓர் ஆள் குழாயின் வளைவில் தொங்கிக்கொண்டு அதைப் பிடுங்க முயல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்றம் ஏறும்போதெல்லாம் அவர் தொங்குகிறார், மிதியிலிருந்து காலை எடுத்தால் இறங்கிவிடுகிறார், மீண்டும் தொங்குகிறார். இதற்கிடையே எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அசைந்துகொண்டே இருக்கிறது. இண்டர்கூலரோ வண்டியின் சட்டத்தோடு இறுகிக் கிடக்கிறது. அசைவதும் அசையாததும் கைகோத்து நிற்கும் இடம் அந்த மூட்டுவாய். அது விட்டுக்கொடுத்தால் 'படார்' என்றோர் ஓசை கேட்கும், வண்டி வலுவிழக்கும், எரிய வேண்டிய காற்றுக் கிடைக்காத டீசல் கரும்புகையாகப் பின்னால் எழும்பும். அந்நிலையிலும் மிதியை அழுத்தி ஓட்டுவது டர்போவுக்கும் எஞ்சினுக்கும் கேடு. ஓரம் கட்டி நிறுத்துவதே அறிவுடைமை.

நாம் ஷார்ஜாவில் வாழ்ந்த நாள்களில் அறிந்த ஓர் இளைஞர் இராமநாதபுரத்துக் கடற்கரையூர்க்காரர். நம்மைக் 'காக்கா' என்று அன்போடு அழைப்பார். அவர் ஓட்டிய ரெக்கவரி வண்டியில் தைதுக்கும் மஸாஃபிக்கும் இடையிலுள்ள மலைச்சாலையில் ஒரே மாதத்தில் மும்முறை குழாய் கழன்றது. மூன்றாம் முறை, மேடையின்மீது பிறிதொரு குடும்பத்தின் கார் ஏறி நின்றது. அக்குடும்பமும் முன்னிருக்கையில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தது. உதவிக்கு வந்த வண்டியை மீட்க இன்னொரு வண்டியை அழைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் உரிமையாளர் வழக்கமாக அனுப்பும் பணிமனையில் கிளிப்பை இறுக்கி அனுப்பினார்கள். "ஓட்டுநர் அளவுக்கு மீறி மிதிக்கிறார்" என்பதே அவர்கள் சொன்ன காரணம். உரிமையாளரும் அதை நம்பி, இழப்பை இளைஞரின் ஊதியத்தில் பிடித்தார். இன்னொரு முறை நேர்ந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றும் எச்சரித்தார்.

"காக்கா, ஏத்தத்துல மிதிக்காம வண்டி எப்படி ஏறும்?" என்று அவர் நம்மிடம் கேட்டார். தங்கையின் நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்த வேளை அது. அவர் கேள்விக்கு விடை காண, தொழிற்பேட்டையின் கோடியில் சிறு பணிமனை வைத்திருந்த முதிய பட்டாணியர் ஒருவரிடம் உரிமையாளரையும் உடனழைத்துச் சென்றோம். அங்கே தொழில் தேர்ந்த மெக்கானிக்கை 'உஸ்தாத்' என்றே அழைப்பது வழக்கம். ஓதிக்கொடுப்பவருக்குரிய அந்தச் சொல் அப்பெரியவருக்கும் பொருந்தியே இருந்தது.

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கழன்ற ஹோஸின் உட்புறம் விரலை விட்டுத் தடவி நம்மிடம் நீட்டினார்; விரல் எண்ணெயால் பளபளத்தது. எஞ்சினின் அடிப்பாகத்துப் புகையை வெளிவிடும் பிரீதர் என்ற மூச்சுக்குழாய், எண்ணெய் ஆவியை டர்போவின் வாயருகே கொண்டுவந்து விடுகிறது. அது காற்றோடு கலந்து குழாயெங்கும் படிகிறது. ஓரளவுக்கு இது இயல்பே. ஆனால் மூட்டுவாயில் படிந்த எண்ணெயைத் துடைக்காமல் மீண்டும் மாட்டினால், வழுக்கும் கையால் கயிற்றைப் பிடித்த கதையாகிவிடும். அடுத்து உலோகக் குழாயின் முனையைக் காட்டினார். தொழிற்சாலைக் குழாயின் விளிம்பை ஒட்டி வளையமாக ஒரு புடைப்பு எழுந்திருக்கும். அதற்குப் பின்னால் கிளிப் அமர்ந்தால் ஹோஸ் நழுவ முற்படும்போது புடைப்புத் தடுத்து நிறுத்தும். இவ்வண்டியிலோ யாரோ முன்பு வெட்டிப் பொருத்திய மொட்டைக் குழாய் இருந்தது. மூன்றாவதாக, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் ஒன்று கிழிந்திருந்தது. முடுக்கும்போதெல்லாம் எஞ்சின் சாய்ந்து குழாயைத் தன்பக்கம் இழுத்தது. நான்காவதாக, மேலும் மேலும் இறுக்கியதில் கிளிப்பின் பற்கள் ஹோஸின் சதையையே அறுத்திருந்தன. மூன்று முறை செய்த சிகிச்சையே நான்காவது நோயாக முளைத்திருந்தது.

அவர் செய்த பணியை வரிசையாகக் கூறுவோம். இத்தொழிலில் உள்ள நம் பிள்ளைகளுக்குப் பயன்படும். ஹோஸ்களைக் கழற்றிக் குழாய் முனைகளையும் இண்டர்கூலரின் வாயையும் பிரேக் கிளீனர் கொண்டு எண்ணெய்ப் பசையறத் துடைத்து உலரவிட்டார். இண்டர்கூலருக்குள் தேங்கிய எண்ணெயையும் வடித்தார். மொட்டை முனைக்குப் புடைப்பு எழுப்பி, கூர்மையான விளிம்பை அரத்தால் மழுக்கினார். அறுபட்ட ஹோஸை எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டார். வெப்பக் குழாயின் பக்கம் எண்ணெயைத் தாங்கும் ஃபுளோரோசிலிக்கோன் உட்பூச்சுள்ள ஹோஸையே தேர்ந்தார். ஏனெனில் வெறும் சிலிக்கோன், வெப்பத்தைத் தாங்கினாலும் எண்ணெயில் ஊறி நைந்துவிடும். குழாய் ஹோஸுக்குள் போதிய ஆழம் நுழைந்திருக்கிறதா, இரு முனைகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். பற்கள் வெட்டிய திருகுக் கிளிப்புக்குப் பதிலாக, அகன்ற பட்டையும் சுருள்வில்லும் உடைய டி போல்ட் கிளிப்பைப் புடைப்புக்குப் பின்னே அமர்த்தினார். சூட்டில் ஹோஸ் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் அந்த வில் ஒரே அளவான பிடியைக் காக்கும். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே இறுக்கினார். அதற்கு மேல் ஒரு சுற்றும் இல்லை. கிழிந்த மவுண்டிங்கை மாற்றினார். நீண்ட குழாய்க்குத் தாங்கு பட்டை ஒன்றும் பொருத்தினார்.

அதன்பின் டர்போவின் வாயை மூடி, வண்டி ஓடும்போது உண்டாகும் அழுத்தத்தினும் குறைந்த அளவில் காற்றேற்றி, மூட்டுவாய்களில் சோப்பு நீரைப் பூசினார். குமிழி எழவில்லை. ஒரு வாரம் ஓட்டிய பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளிப்புகளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கும்படி இளைஞரிடம் சொல்லியனுப்பினார். வழியில் கழன்றால் சிலர் துடைத்த முனையில் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தெளித்து மாட்டுவார்கள். காய்ந்ததும் அது பசைபோலப் பற்றும். பணிமனை சேரும்வரை அது தாங்கலாம், மருந்தாகாது.

விடைபெறும் வேளையில் உரிமையாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டும் மின்பெட்டி ஒன்றைப் பொருத்தினால் வண்டி இன்னும் கனத்தை விரைவாக இழுக்குமாமே என்றார். பெரியவர் மறுத்துவிட்டார். நாம் முன்பு போட்ட கணக்கையே நீட்டிப் பாருங்கள்: 2 கிலோ 3 கிலோவானால் 77 கிலோ இழுவை 115 கிலோவைத் தாண்டும். வெப்பமும் ஏறும்; எஞ்சினின் உள்ளுறுப்புகள் அனைத்தும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். குழாய் கழல்வது சில வேளைகளில் ஓர் எச்சரிக்கையே. டர்போவின் கட்டுப்பாட்டு வால்வு சிக்கிக்கொண்டு அழுத்தம் அளவு மீறினாலும் முதலில் விட்டுக்கொடுப்பது மூட்டுவாய்தான். அழுத்தத்தை அளந்து பாராமல் கிளிப்பை மட்டும் இறுக்குவது, அழும் குழந்தையின் நோயறியாமல் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். படைப்பனைத்திலும் மீஸானை, அதாவது சமநிலையை, அமைத்த நாயன், அதில் வரம்பு மீறாதிருக்குமாறு நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அந்தக் கட்டளை தராசு பிடிக்கும் வணிகருக்கு மட்டும் உரியதன்று.

அந்த வண்டியில் பின்னர் குழாய் கழலவில்லை. உரிமையாளர் நேர்மையாளர், உண்மை விளங்கியதும் பிடித்த ஊதியத்தைத் திருப்பிக் கொடுத்தார். தங்கையின் நிக்காஹ்வும் குறித்த நாளில் நடந்தது. ஆனால் நம் நெஞ்சில் தங்கிவிட்ட கேள்வி ஒன்றுண்டு. அந்தப் பெரியவரிடம் போயிராவிட்டால் அவ்விளைஞரின் கதி என்னவாகியிருக்கும்? பழுதைத் தேடுவதைவிடப் பழியைச் சுமத்துவது எளிது. அப்பழி எப்பொழுதும் மறுத்துப் பேச இயலாதவரின் தலைமீதே இறங்குகிறது. ஒரு மூட்டுவாயைச் சரிவரத் துடைக்காத கை, தன்னை அறியாமலே ஒரு குடும்பத்தின் அடுப்பில் நீரூற்றுகிறது. ஆதலால், கூலி பெற்றுச் செய்யும் வேலை ஒவ்வொன்றும் அமானிதம். யார் கண்ணுக்கும் படாத ஹோஸின் உட்புறமும் அதில் அடங்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நாம் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். கட்டுவதென்றால் எப்படியேனும் முடிச்சிடுவதன்று. அவிழாத இடத்தில், அறுக்காத அளவில், அழுக்கில்லாத கயிற்றால் கட்டுவதே கட்டுதல். வளைகுடாவின் சாலைகளில் பிறர் துயர் தீர்க்க இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள், புறப்படுமுன் பிஸ்மில்லாஹ் சொல்வதோடு எஞ்சின் மூடியைத் திறந்து அந்த மூட்டுவாய்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக. அவர்கள் போகும் பாதையையும் திரும்பும் பாதையையும் வல்ல நாயன் இலேசாக்கி வைப்பானாக, ஆமீன்.