பால்டிக் கரையில் ஒரு வகுப்பறை

நுழையும்முன்

உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றுள் பல, சில ஆயிரம் பேர் மட்டுமே பேசுபவை. தன் தாய்மொழியல்லாத ஒரு சிறிய மொழியை, ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் பயில்வதால் விளையும் பயன் யாது? வட ஐரோப்பிய மொழிகளைப் பயிலச் சென்ற மகளையும், அவளைக் காணச் சென்று தாமும் மாணவரான தமிழாசிரியர் ஒருவரையும் இக்கட்டுரையில் காணலாம்.

கல்லில் தொடங்கிய கேள்வி

தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பள்ளியொன்றில் நான் பல்லாண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். ஆண்டுதோறும் மாணவர்களை அங்குள்ள டேனியக் கோட்டைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்ட டென்மார்க் நாட்டினர் அக்கோட்டையை எழுப்பினர். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். இவற்றைச் சொல்லி முடித்து, மாணவர்களை எண்ணிச் சரிபார்த்துப் பேருந்தில் ஏற்றுவதோடு என் பணி முடிந்துவிடும்.

ஒருமுறை என் மகளும் உடன் வந்தாள். அப்போது அவளுக்கு வயது ஒன்பது. பழைய கல்லறை ஒன்றின் முன் நின்று, பொறித்திருந்த எழுத்துகளை விரலால் தடவியபடி, "எல்லாம் இங்கிலீஷ் எழுத்துத்தான்; ஆனால் படித்தால் ஒன்றும் புரியவில்லையே. என்ன எழுதியிருக்கிறது அப்பா?" என்று கேட்டாள். "டேனிஷ் மொழியம்மா, நமக்குத் தெரியாது" என்றேன். "யாருக்குத் தெரியும்?" என்றாள். அதற்கும் என்னிடம் விடையில்லை.

அக்கேள்வியை நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. இளங்கலை முடித்து, ஜெர்மன் மொழி கற்றுத் தேர்வும் எழுதிய பின்னர், ஒருநாள் இரவு உணவின்போது தன் முடிவைச் சொன்னாள். ஜெர்மனியின் வடகரையிலுள்ள கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்காண்டிநேவிய மொழிகளும் பால்டிக் மொழிகளும் அவற்றின் பண்பாடும் பயிலப் போகிறாள். நான் கேட்டேன்: "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?"

கேட்ட பின்னரே அச்சொற்கள் யாருடையவை என்பது நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு, முதுகலைத் தமிழுக்கான விண்ணப்பப் படிவத்தோடு நான் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த என் தந்தையார் கேட்டார்: "தமிழ் படிச்சு என்னடா பண்ணப் போறே?" அவர் சினத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்டார். நானும் அவ்வாறே கேட்டேன். ஆயினும் அக்கேள்வி எவ்வளவு சுடும் என்பதை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் கேட்டேன். அவள் விமானம் ஏறும் நாள்வரை எங்களிடையே பேச்சுக் குறைந்தே இருந்தது.

ஆறு பேர் அமர்ந்த மேசை

இரண்டாண்டுகளுக்குப் பின், நம் கோடை விடுமுறைக் காலத்தில் அவளைக் காணச் சென்றேன். கிரைஃப்ஸ்வால்ட், பால்டிக் கடலோரத்துச் சிறு நகரம். அதன் பல்கலைக்கழகம் 1456இல் நிறுவப்பட்டது. 1648 முதல் 1815 வரை அந்நகரம் சுவீடனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கடலுக்கு அப்பாலுள்ள மக்களின் மொழிகளை அங்கே பயில்வது, அண்டை வீட்டாரின் பேச்சைக் கற்பது போன்றதே.

ஆசிரியரின் இசைவு பெற்று, மகளோடு லிதுவேனிய மொழி வகுப்புக்குச் சென்றேன். ஒரே மேசை, அதைச் சுற்றி ஆறு மாணவர்கள். அறுபது பேரைக் கண்டு பழகிய எனக்கு அது வகுப்பாகவே தோன்றவில்லை. "இவ்வளவு பேர்தானா?" என்று மெல்லக் கேட்டேன். "இந்த ஆண்டு கூட்டம் அதிகம் அப்பா" என்றாள்.

அறுவரும் அங்கு வந்த காரணங்கள் வேறு வேறு. ஒருவரின் பாட்டி போர்க்காலத்தில் லிதுவேனியாவை விட்டு வெளியேறியவர். பேரனிடம்கூட அம்மொழியைப் பேசாமலே மறைந்துவிட்டார். மற்றொருவர் பாடகர் குழுவில் லாட்வியப் பாடல்களைப் பொருள் தெரியாமல் பாடிவந்தவர். பொருள் தேடி வந்திருந்தார். என் மகள் வந்த காரணத்தை அவர்கள் எல்லோரும் அறிந்திருந்தனர். தரங்கம்பாடி என்னும் பெயரைக்கூட ஏறக்குறையச் சரியாகவே ஒலித்தனர்.

அன்றைய பாடம் வேற்றுமை. 'நண்பன்' என்பதற்கு லிதுவேனியத்தில் 'த்ரவ்கஸ்'. அவனை அழைக்கும்போது 'த்ரவ்கே'. யோனஸ் என்பவரைக் கூப்பிட வேண்டுமாயின் 'யோனை'. ஆசிரியர் கரும்பலகையில் இவற்றை எழுதியதும், "விளி வேற்றுமை!" என்று என்னையறியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். மகள் ஜெர்மன் மொழியில் விளக்கினாள். ஆசிரியர் சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினார். நண்பன் - நண்பா, கண்ணன் - கண்ணா என்று எழுதினேன். விளிக்கென்றே 'விளிமரபு' என ஓர் இயலைத் தொல்காப்பியர் வகுத்திருப்பதையும் சொன்னேன். "உங்கள் மொழியில் வேற்றுமை எத்தனை?" என்றார் ஆசிரியர். "எட்டு" என்றேன். "லிதுவேனியத்தில் ஏழுதான்" என்று சிரித்தார்.

அதன்பின் அவர் கூறியதை நம் மாணவர்களும் அறிதல் வேண்டும். ஒற்றுமை கண்டவுடன் உறவு கொண்டாடுதல் கூடாது. தமிழ் திராவிட மொழி. லிதுவேனியம் இந்தோ-ஐரோப்பிய மொழி. இரண்டிலும் விளி இருப்பது உறவுக்குச் சான்றாகாது. அடிப்படைச் சொற்களில் ஒலிகள் ஓர் ஒழுங்கோடு ஒத்துவந்தால்தான் மொழிகளை ஒரு குடும்பம் எனலாம். லிதுவேனியத்தில் மகன் 'சூனுஸ்', வடமொழியில் 'சூனு'. நெருப்பு அங்கே 'உக்னிஸ்', இங்கே 'அக்னி'. புகை அங்கே 'தூமஸ்', இங்கே 'தூமம்'. இன்று பேசப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுள் பழைய இயல்புகளை மிகுதியும் காத்துவருவது லிதுவேனியம் என்பர். ஆகவேதான் ஜெர்மானிய மொழியறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர் 1852இல் சிற்றூர்களுக்குச் சென்று, உழவர்களின் பேச்சைக் கேட்டு, அம்மொழிக்கு இலக்கணம் எழுதினார்.

மறுநாள் ஐஸ்லாந்திய மொழி வகுப்பு. அம்மொழியைப் பேசுவோர் நான்கு இலட்சம் பேருக்கும் குறைவு. கணினிக்கு அவர்கள் அயற்சொல்லைக் கடன் வாங்கவில்லை. 'தோல்வா' என்றொரு சொல்லைப் படைத்தனர். எண் என்று பொருள்படும் சொல்லையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்த ஆக்கம் அது. தொலைபேசிக்கு, இழை என்னும் பொருளில் வழக்கொழிந்து கிடந்த 'சீமி' என்னும் சொல்லுக்கு உயிர் கொடுத்தனர். கலைச்சொல்லாக்கக் கூட்டங்களில் பல மாலைப்பொழுதுகளைக் கழித்த எனக்கு, எங்கோ இருக்கும் உடன்பணியாளரைக் கண்டது போலிருந்தது.

தெரிந்து தெளிவோம்

டேனிஷ், நார்வேஜியம், சுவீடிஷ், ஐஸ்லாந்தியம், பாரோயீசு ஆகியன வடஜெர்மானிய மொழிகள். லிதுவேனியமும் லாட்வியமும் பால்டிக் மொழிகள். எஸ்தோனியா பால்டிக் நாடுகளுள் ஒன்றாயினும் எஸ்தோனிய மொழி பால்டிக் மொழியன்று. அது பின்னிஷ் மொழியோடு உறவுடையது. பால்டிக் மொழிகளுள் ஒன்றான பழம்பிரஷ்யம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்தது.

நூல் சுமந்தோர்

என் மகள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காலம் 1864 முதல் 1904 வரையிலான நாற்பதாண்டுகள். அப்போது லிதுவேனியா உருசியப் பேரரசின் பிடியில் இருந்தது. 1863இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய அரசு, லிதுவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை விதித்தது. மொழியைப் பேசலாம், ஆனால் உருசிய மொழியின் எழுத்தில்தான் அச்சிட வேண்டும். அவ்வாறு அச்சிட்ட நூல்களை மக்கள் வாங்க மறுத்தனர்.

எல்லைக்கு அப்பால், அன்று பிரஷ்யாவைச் சேர்ந்த தில்சித் முதலிய நகரங்களில் லிதுவேனிய நூல்கள் அச்சாயின. அவற்றை மூட்டைகளாகக் கட்டிச் சுமந்து, இரவில் காவலரின் கண்ணுக்குத் தப்பி எல்லையைக் கடந்து கொண்டுவந்தோர் உழவர்களும் எளிய தொழிலாளரும் ஆவர். அவர்களை அம்மக்கள் 'நூல் சுமப்போர்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். பிடிபட்டோர் சிறைப்பட்டனர், சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர், எல்லையில் சுடப்பட்டு இறந்தோரும் உண்டு. அவர்கள் சுமந்தவை பெரும்பாலும் வழிபாட்டு நூல்களும் நாட்காட்டிகளும் குழந்தைகளுக்கான அரிச்சுவடிகளுமே. வீடுகளில் நூல் நூற்றுக்கொண்டே தாய்மார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். அக்காட்சியைப் பெட்ராஸ் ரிம்ஷா என்னும் சிற்பி 1906இல் சிலையாக வடித்தார்.

நூல் சுமந்தோருள் புகழ்பெற்ற யுர்கிஸ் பியலினிஸ் பிறந்த மார்ச் 16ஆம் நாளை லிதுவேனிய மக்கள் இன்றும் நூல் சுமப்போர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

நூலகத்தில் இவற்றை எனக்கு விளக்கியபோது, அக்காலத்து நூல் ஒன்றின் படத்தை மகள் காட்டினாள். உள்ளங்கை அளவே இருந்தது. தடைக்கு முற்பட்ட பழைய நூல் எனக் காவலரை ஏமாற்றுவதற்காக, முகப்பில் பொய்யான ஆண்டைப் பொறிக்கும் வழக்கமும் இருந்ததாம். "அப்பா, ஓர் அரிச்சுவடிக்காகச் சைபீரியாவுக்குப் போனவர்கள், 'இதைச் சுமந்து என்ன செய்யப் போகிறோம்' என்று கேட்டிருப்பார்களா?" என்றாள். அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை, இயல்பாகத்தான் கேட்டாள். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீகாவின் பாட்டுப் பேழை

அம்மாத இறுதியில் அவ்வகுப்பினர் லாட்வியத் தலைநகர் ரீகாவுக்குக் கல்விப் பயணம் சென்றனர். நானும் உடன் சென்றேன். அங்குள்ள தேசிய நூலகத்தில் மரத்தாலான ஒரு பேழை இருக்கிறது. ஓர் அலமாரி அளவே உள்ள அதில் வரிசை வரிசையாகச் சிறிய இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் நாட்டுப்புறப் பாடல்கள் எழுதிய காகிதத் துண்டுகள்.

லாட்விய மக்களின் அப்பாடல்களுக்குத் 'தைனா' என்று பெயர். பெரும்பாலானவை நான்கே அடிகள். தாலாட்டு, திருமணம், அறுவடை, இறப்பு என வாழ்வின் ஒவ்வொரு நிலைக்கும் தைனா உண்டு. கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் (1835-1923) என்னும் அறிஞர், ஊர்தோறும் மக்கள் எழுதி அனுப்பிய பாடல்களை வகைப்படுத்துவதற்காக 1880இல் அப்பேழையைச் செய்வித்தார். 1894 முதல் 1915 வரை அவர் பதிப்பித்த தொகுதிகளில் ஏறத்தாழ 2,18,000 பாடல்கள் உள்ளன. அப்பேழையை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அதே காலத்தில்தான் உ.வே.சாமிநாதர் ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் தேடிக்கொண்டிருந்தார். சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த ஆண்டு 1887. ஒருவரையொருவர் அறியாத இருவர், உலகின் இரு மூலைகளில், அழியவிருந்ததை எடுத்துக் காத்தனர்.

காத்தவை பயனளித்த நாளும் வந்தது. 1940இல் சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்ட பால்டிக் நாடுகளின் மக்கள், 1980களின் இறுதியில் தம் மொழிப் பாடல்களைப் பாடியே விடுதலை கோரினர். 1989 ஆகஸ்ட் 23 அன்று எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று நாடுகளினூடே 600 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்கு, ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் கைகோத்து நின்றனர். 1991க்குள் மூன்று நாடுகளும் விடுதலை பெற்றன.

காக்கப்படாமற் போனவையும் உண்டு. பழம்பிரஷ்ய மொழியில் இன்று எஞ்சியிருப்பவை 16ஆம் நூற்றாண்டில் அச்சான மூன்று சமய வினாவிடை நூல்களும் சில சொற்பட்டியல்களும் ஒருசில துணுக்குகளுமே. அவை அனைத்தையும் ஒரு மேசைமீது வைத்துவிடலாம். அம்மொழியில் தாய் தன் குழந்தைக்குப் பாடிய தாலாட்டு எதுவென்று இனி எவராலும் சொல்ல இயலாது.

மீண்டும் தரங்கம்பாடியில்

சென்ற ஆண்டு விடுமுறையில் மகள் ஊருக்கு வந்தாள். இருவரும் தரங்கம்பாடிக்குச் சென்றோம். பழைய கல்லின்முன் குந்தி அமர்ந்து, உப்புக்காற்றில் தேய்ந்த எழுத்துகளை விரலால் தடவி, முதல் வரியைப் படித்தாள். "இங்கே இளைப்பாறுகிறார் என்று எழுதியிருக்கிறது அப்பா" என்றாள். பெயர் பாதி அழிந்திருந்தது. ஊர் திரும்பாமல் இக்கரையிலேயே மாண்ட யாரோ ஒருவர். இத்தனை ஆண்டுகளாக நான் மாணவர்களை அவரைக் கடந்து அழைத்துச் சென்றிருக்கிறேன்.

இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தமிழில் எழுதுவித்த தங்க ஓலை, கோபன்ஹேகனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. அதைப் படிக்க அங்கே தமிழறிந்த ஒருவர் வேண்டும். இக்கல்லைப் படிக்க இங்கே டேனிஷ் அறிந்த ஒருவர் வேண்டும்.

திரும்பும் வழியில், "அன்று நான் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். "கேட்டதில் தவறில்லை அப்பா. விடை சொல்ல எனக்குத்தான் கொஞ்ச காலம் பிடித்தது" என்றாள்.

அவளுக்கு நிலையான பணி இன்னும் அமையவில்லை. ஒரு நூலகத்தில் பகுதிநேரப் பணி செய்துகொண்டு, லிதுவேனியச் சிறுகதைகளை நேரடியாகத் தமிழில் பெயர்த்து வருகிறாள். என் கவலை முற்றும் நீங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அவள் அனுப்பும் ஒவ்வொரு கதையையும் சொல் சொல்லாகப் பார்த்துத் திருத்தித் தருபவன் நான்தான்.

மாணவர்களே, அடுத்த ஆண்டு நீங்களும் எதைப் படிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். 'அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். கேட்பவர்மீது சினம் கொள்ளாதீர்கள். அது அன்பினால் எழும் கேள்வி. உடனே விடை தெரியவில்லை என்பதற்காக, விரும்பிய படிப்பைக் கைவிட்டுவிடவும் வேண்டாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் அல்லது அருகில், உங்களால் படிக்க இயலாத எழுத்து அல்லது மொழியில் அமைந்த கல்வெட்டு உள்ளதா? அதைப் படிக்கத் தெரிந்தவர் யார் எனக் கண்டறிந்து வகுப்பில் கூறுக.
2. உங்கள் வீட்டு முதியோரிடம் தாலாட்டு, நடவுப் பாடல், ஒப்பாரி ஆகியவற்றைக் கேட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுதி வகைப்படுத்துக.
3. 'ஒற்றுமை கண்டவுடன் உறவு கொண்டாடுதல் கூடாது' - மொழிக்குடும்பம் பற்றிய இக்கருத்தைக் கட்டுரைவழி விளக்குக.