எம் வீட்டுப் பழங்கலங்கள்

பழைய பித்தளை வெண்கலப் பாத்திரங்களைத் துலக்கிக் கூடத்தில் அழகுற அடுக்கி, வருவார்க்குக் காட்டி மகிழ்வது இந்நாளில் ஒரு வழக்கமாகப் பரவி வருகின்றது. அண்டாவிற் பூஞ்செடி வளர்கின்றது. உருளியில் நீர் நிரப்பி மலர் மிதக்கவிடுகின்றனர். ஆட்டுக்கல் தோட்டத்தில் அணிகலனாய்க் கிடக்கின்றது. வானூரினின்றும் ஆரோவில் பக்கமாகச் செல்வோர், சாலையோரக் கடைகளில் இத்தகைய பொருள்கள் விலைக்கு வைக்கப்பெற்றிருத்தலைக் காண்பர். ஒரு காலத்தில் எவரெவர் அடுக்களையிலோ கரியேறிக் கிடந்தவை அவை. இவ்வழக்கத்தைப் பற்றி எம் இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கினையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் பாட்டியார் காலமாகிய பின்னர்ப் பரணிலிருந்த கலங்களெல்லாம் கீழே இறக்கப்பட்டன. தவலை இரண்டு, வெண்கலப் பானை ஒன்று, சருவம், கூஜா, செம்புக் குடம், இட்டிலிக் கொப்பரை, முறுக்கு உழக்கு, மாக்கல்லாலாகிய கல்சட்டி, அஞ்சறைப் பெட்டி, அரிவாள்மணை, பித்தளைப் பூணிட்ட படியொன்று, இவற்றோடு காது போன ஓர் அண்டா. தமையனார், “நிறுத்து விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வோம்” என்றார். அண்ணியார், “மெருகிட்டுக் கூடத்தில் வைத்தால் வீட்டிற்கே ஒரு களை வருமே” என்றார். எண்பது கடந்த எம் அத்தையாரோ, “பொங்கிச் சாப்பிடாத பானை எதற்கடா? ஓட்டைப் பானைக்கும் அதற்கும் என்ன பேதம்?” என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பையைத் தேடலானார்.

மூவர் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. செம்பு, பித்தளைக் கலங்களிற் புளிப்புப் பண்டங்களைச் சமைத்து வைத்தாற் களிம்பேறும். அது வயிற்றுக்குத் தீங்கு. அதனாலேயே உள்ளே ஈயம் பூசினர். கலத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சினால் ஒரே வீச்சிற் பரப்புவர். வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகுவதாகலின் அவ்வேலை சிறு துருத்தி கொண்டே தெருவில் நடைபெற்றது. இப்பொழுது ஈயம் பூசுவார் எம் தெருவிற்கு வருவதில்லை. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் ஹாரி பிரேர்லி துருவேறாத எஃகினை உருக்கி எடுத்தார். அதன் வழித்தோன்றலாகிய எவர்சில்வர் தமிழ்நாட்டு அடுக்களை புகுந்த பின், பழம் பாத்திரம் வாங்கிப் புதுப் பாத்திரம் கொடுப்பாரே தெருவில் மிகுந்தனர். பெண்டிர்க்குச் சுமையும் புளியிட்டுத் தேய்க்கும் உழைப்பும் குறைந்தன. அதனைக் குறைகூற எமக்கு மனமில்லை. தவலை நிறைய நீர் சுமந்தறியாதார் தவலையின் அழகைப் பாடுதல் எளிது.

படியின் கதை வேறு. எட்டு ஆழாக்குக் கொண்டது ஒரு படி. எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால். மெட்ரிக் முறையை நாடெங்கும் நிலைநாட்டும் சட்டம் 1956-இல் இயற்றப்பெற்றது. அதன்பின் கடைகளில் லிட்டரும் கிலோவும் ஆண்டன. எம் பாட்டியார் மட்டும் இறுதிவரை அரிசியைப் படியினாலேயே அளந்தார்.

வழக்கினை மாற்றியது தவலைகளுள் ஒன்று. அதனைத் திருப்பிப் பார்த்தபொழுது, கழுத்தின்கீழ்ச் சிற்றுளியாற் புள்ளி புள்ளியாக வெட்டிய நான்கெழுத்துப் பெயரொன்று தென்பட்டது. அஃது எம் பாட்டனாரைப் பெற்ற தாயாரின் பெயரென்று அத்தையார் சொன்னார். எம் குடும்பத்து ஆவணங்களெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் உள்ளன. அவற்றுள் ஆடவர் பெயர் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றது. அவ்வம்மையாரின் பெயரோ அவற்றுள் ஓரிடத்தும் இல்லை. பிறந்தகத்தார் கொடுத்த சீர்த் தவலையின்மேலன்றி அவர் பெயர் எழுத்தில் எங்கும் இல்லை. நிறுத்து விற்றிருந்தால் உலைக்களத்தில் அதுவும் உருகியிருக்கும். தமையனார் சிறிது நேரம் ஒன்றும் பேசிற்றிலர்.

கலத்தின்மேற் பெயர் பொறிப்பது நம் பக்கத்தில் மிகப் பழைய வழக்கம். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவ்விடத்தில், மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த சாடிகளின் துண்டுகளேயன்றி, தமிழ்-பிராமி எழுத்துகள் கீறிய பானையோடுகளும் கிடைத்தன.

வீட்டுக் கலங்களைச் சேர்த்து வைத்த பெரியோரும் நம் நாட்டில் உளர். பூனாவில் தினகர் கேல்கர் என்பார், இளமையிலேயே இறந்த தம் மகன் ராஜாவின் நினைவாக அமைத்த காட்சிசாலையில் விளக்கும் பாக்குவெட்டியும் அடுக்களைப் பொருள்களுமாக இருபதினாயிரத்திற்கு மேற்பட்டவை உள்ளன. ஆமதாபாத்தில் சுரேந்திர படேல் என்பார் பாத்திரங்களுக்கென்றே 1981-இல் ஒரு காட்சிசாலை தொடங்கினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தியுள்ளனர். அது 1996-இல் திறக்கப்பெற்றது. இவை போற்றத் தக்கன. எனினும், ஒரு காட்சிசாலை, ‘வெண்கலப் பானை, தமிழ்நாடு’ என்று எழுதலாம். எந்தக் கலியாணத்தில் வந்தது, எந்தப் பஞ்சத்தில் அடகு போய் மீண்டது என்பது வீட்டாருக்கே தெரியும். வீட்டிலும் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆகலின் அலமாரி செய்விக்கும் முன்னர் ஒரு குறிப்பேடு வாங்கினோம். மாலைதோறும் அத்தையார் சொல்ல யாம் எழுதினோம். சிலநாள் ஒரு கலத்தைப் பற்றித் தொடங்கி உறவினர் சண்டையில் முடிப்பார்; அதனையும் எழுதிக்கொண்டோம். மெருகு எந்திரத்திற் கொடுத்தால் எழுத்துத் தேயுமென்று அஞ்சி, புளியும் சாம்பலுமே போதுமென்றோம். அண்ணியார்க்கு அதில் அத்துணை மகிழ்ச்சியில்லை. காது போன அண்டாவும் பெயரில்லாத தவலையும் எடைக்குப் போயின, பணம் பங்காயிற்று. வெண்கலப் பானை, அத்தையார் ஆணைப்படி, தைப்பொங்கலன்று மாடத்தினின்று இறங்கி அடுப்பேறுகின்றது.

எஞ்சியது செம்புக் குடமொன்றே. அதன் விளிம்பில் இரண்டெழுத்துகள் உள்ளன. அவை யாருடையவை என்று அத்தையாருக்கும் தெரியவில்லை. மூன்று மாலை நினைத்துப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார். ஏனையவற்றிற்கெல்லாம் சிறு சீட்டெழுதி வைத்துள்ளோம். அதன்முன் வைத்த சீட்டில் அவ்விரண்டெழுத்துகளை மட்டும் எழுதி, மிகுந்த இடத்தை வெறிதே விட்டிருக்கின்றோம்.