டையிங் சீட்டில் என் கையெழுத்து இல்லை

வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கியவன் நான். திருப்பூரில் இது புதிதில்லை. இன்று பனியன் கம்பெனி முதலாளியாக இருக்கும் பலர் ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராகவோ டெய்லராகவோ வாரச் சம்பளம் வாங்கியவர்கள்தான். தொடங்கியதில் தப்பில்லை. தொடங்கிய விதத்தில்தான் அத்தனை தப்பும்.

ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சாம்பிள் அனுப்புவது, கலருக்கு பையரிடம் அப்ரூவல் வாங்குவது, நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டித் தூத்துக்குடிக்கு ஏற்றுவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் விரட்டி முடிப்பது என் பொறுப்பு. அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே அங்கேரிபாளையம் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர் மிஷின்களைப் பழையதாக வாங்கிப் போட்டேன். ஜிஎஸ்டி பதிவு மனைவி பெயரில். என் பெயர் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன். பயம்தான் அது. மாதச் சம்பளத்தை இழக்கப் பயம். முதலாளியிடம் சொன்னால் போகச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மனசாட்சிக்குச் சொல்ல இரண்டு சமாதானங்கள் வைத்திருந்தேன். என் வேலை உத்தரவில், கம்பெனியில் இருக்கும்வரை இதே தொழிலைத் தனியாகச் செய்யக்கூடாது என்று எழுதியிருந்தது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி இதெல்லாம் செல்லாது என்று ஒருவர் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாதுகாப்பு வேலையை விட்ட பிறகுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். வேலையில் இருக்கும் காலத்துக்கு இப்படிக் கட்டுப்படுத்துவது செல்லும் என்று 1967லேயே செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிடக் கூடாது என்றுதான் விசாரிக்கவில்லை.

இன்னொரு சமாதானம், ஸ்டீவ் வோஸ்னியாக். ஹெச்பியில் வேலை பார்த்தபடியேதானே அவர் 1976இல் ஆப்பிளைத் தொடங்கினார் என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மீதிக் கதையை அவளிடம் சொல்லவில்லை. அவர் தன் கம்ப்யூட்டர் வடிவமைப்பை ஹெச்பியிடம் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் அதைத் தனித் தொழிலாக்கினார். நான் யாரிடமும் எதையும் காட்டவில்லை.

யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் தொடர்ந்து வந்தது. கொடுத்தவர்கள் எங்கள் கம்பெனிக்குத் துணி ஓட்டித் தருபவர்களும் தைத்துத் தருபவர்களும். என் தரத்துக்கும் பேச்சுக்கும் கிடைத்த ஆர்டர் என்று தலைநிமிர்ந்து நடந்தேன். அவர்களுடைய பில்லைப் பாஸ் பண்ணும் இடத்தில் நான் இருந்தேன். அவர்களால் எனக்கு முடியாது என்று சொல்ல முடியாது. இதைவிடப் பச்சையாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் வேலையை விட்ட மாதத்திலேயே அவர்களில் ஒவ்வொருவராக ஃபோன் எடுப்பதை நிறுத்தினார்கள்.

கணக்கிலும் என்னை ஏமாற்றிக்கொண்டேன். பீஸ் ரேட் பேசும்போது வாடகையைச் சரியாகச் சேர்க்கமாட்டேன். ஊசி, நூல், ஆல்டர் என்று திருத்தத்துக்குத் திரும்பி வரும் பீஸ்கள் எதையும் சேர்க்கமாட்டேன். குறைந்த ரேட்டுக்கு ஒத்துக்கொண்டு ஆர்டரைப் பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுவேன். சனிக்கிழமை டெய்லர்களுக்கும் அவர்களுக்கு உதவும் கைமடிகளுக்கும் ஷிஃப்ட் கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுக்கப் பணம் பத்தாது. என் சம்பளத்திலிருந்து எடுத்துப் போடுவேன். யூனிட் ஓடுகிறது என்று நினைத்தேன். என் சம்பளம்தான் அதை ஓட்டியது. ஆபீஸிலிருந்து நான் பணத்தோடு வந்து சேரும்வரை தொழிலாளர்கள் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பேருந்தை விட்டுவிட்டு ராத்திரியில் பிள்ளைகளோடு நடந்து போன பெண்கள் உண்டு. அவர்களுடைய கோபத்துக்கெல்லாம் பதில் சொன்னவள் என் மனைவி. தொழில் அவள் பெயரில் இருந்தது. முடிவு எதுவும் அவள் கையில் இல்லை.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒரு ஆர்டருக்கு நீல நிறத்தில் ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டுகள், பையருக்கு அனுப்பியிருந்தோம். ஏ அழுத்தமானது. சி வெளிர். நான் ஏ-யைச் சிபாரிசு செய்திருந்தேன். பதில் வந்த அன்று காலை, வெளிவேலை என்று பொய் சொல்லிவிட்டு என் ஷெட்டில் இருந்தேன். ஒரு ஃப்ளாட்லாக் மிஷின் தையல் விட்டுக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டிருந்தார். ஃபோனில் பையரின் மெயில் வந்ததைப் பார்த்தேன். தலைப்பில் அப்ரூவ்டு என்று இருந்தது. திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் கீழ் வேலை பார்த்த ஜூனியர் பெண் கூப்பிட்டாள். "சார், டையிங்ல இருந்து கேக்கறாங்க. அப்ரூவல் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சும்மா. ஏ தான். போடச் சொல்லிரு."

"மெயிலை எனக்கு ஒருக்கா ஃபார்வர்டு பண்ணறீங்களா சார்?"

"நான்தான் சொல்றனே."

அவள் கேட்டது சரியான கேள்வி. வேலை தெரிந்தவள் கேட்கிற கேள்வி. நான் அதட்டி அவள் வாயை அடைத்தேன். என் சிபாரிசை பையர் தட்டமாட்டார் என்ற கர்வம். மிஷினைப் பார்க்கிற அவசரம். இரண்டும் சேர்ந்து அந்தப் பதிலைச் சொல்ல வைத்தன. டையிங் புரோக்ராம் சீட்டில் அவள் ஏ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

பையர் எடுத்திருந்தது சி.

துணி வந்த பிறகு, லைட் பாக்ஸில் அப்ரூவலான துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளிர் நிறத்தை அழுத்தமாக்கிவிடலாம். அழுத்தமாக ஏறிய சாயத்தை இறக்க வேண்டுமானால் உரிக்க வேண்டும், துணி பலம் போய்விடும். திரும்ப நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, காம்பாக்டிங் முடித்து வருவதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது. அந்தக் கட்டணம் கம்பெனியின் தலையில். ஆர்டரின் லாபத்தை முழுக்கத் தின்று, கையிலிருந்தும் பிடுங்கியது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சீட்டை மேசையில் வைத்தார். "ஏனுங்க, இது யார் பார்த்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சீட்டைப் பார்த்தேன். நான்தான் சொன்னேன் என்றால், அன்று காலை எங்கே இருந்தாய் என்பது அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசாமல் நின்றேன். அவரிடம் அவள், "சார் ஃபோன்ல சொன்னாருங்க" என்றாள். "நான் மெயிலைப் பார்த்துப் போடச் சொன்னேன்" என்றேன்.

அது பொய். யோசித்துச் சொன்ன பொய். பதற்றத்தில் வாய் தவறி வந்ததில்லை. அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். அனுபவச் சான்று கொடுக்கவில்லை. திருப்பூரில் மெர்ச்சண்டைசிங் சின்ன உலகம். கலரைத் தப்பாகப் போட்ட பெண் என்று பேச்சுப் போனது. அவள் ஒரு கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் டைப் செய்யும் வேலைக்குப் போனாள். அப்பாவுக்கு நூல் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய், வீட்டில் வருமானம் அவளுடையது மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் நிற்கும்போதும் தெரியும்.

நான் அதற்குப் பிறகும் சம்பளம் வாங்கினேன். விடைபெறும் நாளில் மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்.

யூனிட்டை மூடி, கடனை அடைத்த பிறகுதான் அவளைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "எனக்கு ஷெட்டு விஷயம் அப்பவே தெரியுங்க சார். மெக்கானிக் எங்க தெருதான்" என்றாள். முதலாளியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்து முதலாளியிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். விமானக் கட்டணத்தில் என் பங்காகத் தவணை கட்டுகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார். அவளுக்குச் சான்று கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். அதை வைத்து அவள் திரும்ப மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் போயிருக்கிறாள், புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரும் சம்பளத்தில். அவளோடு சேர்ந்தவர்கள் இன்று சீனியர்கள். அந்த வித்தியாசத்தை நான் எந்தக் கணக்கிலும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை.