ஓடை மண்ணை அள்ளிப்போனவர்களைப் பற்றி

ஐதராபாத்
10.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் மகள் சடங்குக்கு வர முடியாமல் போனதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். நீ அவசரமாகக் கேட்டதற்கு முதலில் பதில்.

ஓடைக்கு வந்து மண்ணைச் சலித்து, பையில் கட்டி, போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு போன அந்த இரண்டு பையன்களை வைத்து ஊர் இரண்டாகிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பாதிப் பேர் தங்கம் இருக்கிறது என்கிறார்கள், மீதிப் பேர் நமக்கும் அரிட்டாபட்டி கதிதான் என்கிறார்கள். என் எண்ணம் இதுதான்: மறுபடி வந்தால் விரட்டாதீர்கள். நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்காமலும் அனுப்பாதீர்கள்.

அவர்கள் செய்தது ஆரம்ப வேலை. மேட்டிலும் கரட்டிலும் இருக்கும் பாறை கரைந்து, மழைத் தண்ணீரோடு ஓடைக்குத்தான் வந்து சேரும். அதனால் ஓடையின் நைஸ் மண்ணில் ஒரு பிடி எடுத்தால், மேலே பரந்து கிடக்கும் நிலத்தின் சாரமெல்லாம் அதில் கொஞ்சம் இருக்கும். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து இப்படி மண் எடுத்து, ஒவ்வொரு மாதிரியிலும் அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களை அளந்து வருகிறது. செம்பு, தங்கம், ஈயம், நிக்கல் எல்லாம் அதில் உண்டு. தங்கம் என்றதும் பொட்டுப் பொட்டாக மின்னும் என்று நினைக்காதே. ஆயிரம் டன் மண்ணில் ஒரு கிராம், இரண்டு கிராம் என்ற அளவைத்தான் அந்தக் கருவிகள் தேடுகின்றன. உன் மச்சான் எடுத்து வைத்திருக்கும் மின்னுகிற கல் நிச்சயம் காக்காப்பொன்தான். அதை வைத்து யாரிடமும் பணம் வாங்கிவிட வேண்டாம் என்று சொல்.

நம் பூமியில் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கோலாரில் தங்கம் இருந்த பாறை வேறு, நம்முடையது வேறு. நம் காலுக்குக் கீழே இருப்பது ஒரு காலத்தில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் கடும் சூட்டில் வெந்து, பிறகு மேலே வந்த பாறை. அவ்வளவு வெந்ததில் தங்கம் நிற்காது, நீராவியோடு வெளியேறியிருக்கும் என்று புவியியல் படிக்கும் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1995-ல் தென் ஆஸ்திரேலியாவில் சேலஞ்சர் என்ற இடத்தில் இதே போல வெந்த பாறைக்குள் தங்கம் கிடைத்தது. அதைக் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? சுக்கான் கல். கிணறு வெட்டும்போது நாலடிக்குக் கீழே கடப்பாரையை மடக்குமே, அந்தச் சுண்ணாம்புச் சுக்கான்தான். வறண்ட நாட்டில் நிலத்தடி ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது சுண்ணாம்பு படிகிறது. அடியில் தங்கம் இருந்தால் அதில் இம்மியளவு கரைந்து வந்து சுண்ணாம்போடு சேர்ந்து தங்கிவிடுகிறது. எனவே அடுத்த முறை வருகிறவர்கள் உன் வரப்போரத்துச் சுக்கானை உடைத்துக் கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது.

மண்ணில் தடயம் தெரிந்தால் அடுத்தது கருவிகள். நிலத்தில் இரும்புக் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி நிறுத்துவார்கள். கீழே செம்புக் கந்தகக் கல் தூவிக் கிடந்தால், நிறுத்திய பின்னும் கொஞ்ச நேரம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருந்து மெல்ல விடும். இதில் ஆளைக் கவிழ்ப்பது பென்சில்கல், அதாவது கிராஃபைட். சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் வெட்டி எடுக்கிறதே, அதுதான். செம்பு காட்டுகிற அதே குணத்தை அதுவும் காட்டும். அதனால்தான் கடைசியில் துளை போட்டுக் கல்லைக் கண்ணால் பார்க்காமல் யாரும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. நம் ஊருக்கு வரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி கல்லைப் பொடியாக்கித் தள்ளும். ஆய்வுக்குப் போடும் துளை வைர நுனி வைத்தது, கல்லை உடைக்காமல் நீள உருளையாக எடுத்துத் தரும். பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்து, முழம் முழமாகப் பார்த்து எழுதுவோம். ராய்ச்சூர் பக்கம் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அந்தப் பெட்டிகளோடுதான் போனது. அதை விட நிறைவான வேலையை நான் பார்த்ததில்லை.

துளையில் தங்கம் தெரிந்தாலும் சுரங்கம் வந்துவிடாது. ஒரு டன் பாறையில் மூன்று கிராம் இருந்தால் நல்ல தங்கம் என்பார்கள். அரைப் பவுன்கூட இல்லை. தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரில், நம்முடையதைப் போலவே வெந்த பாறைகளில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்து கிடப்பதைக் கண்டுபிடித்துத் துளையிட்டு அளந்தார்கள். மொத்தக் கனிமமும் பத்து லட்சம் டன்னைத் தொடவில்லை. பெரிய சுரங்கமாக வளரவே இல்லை. அதற்கு நேர்மாறாக, அளக்காமல் ஆசைப்பட்டதற்கு நீலகிரியின் தேவாலா, பந்தலூர். 1880-ல் பிரோ ஸ்மித் என்ற ஆஸ்திரேலிய நிபுணர் அங்கே தங்கம் உண்டு என்று அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பணம் திரட்டினார்கள். சில வருடங்களில் எல்லாம் சரிந்தது. இடிந்த சுரங்க வாய்கள் இன்னும் அந்தக் காட்டில் இருக்கின்றன.

இனி மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே தேடியது டங்ஸ்டன். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி, 2015 ஹெக்டேருக்கு மேல், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனது. அதற்குள்ளேதான் 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி மலைகளும், குடைவரைக் கோயிலும், தமிழி எழுத்துக் கல்வெட்டும். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் மேலூர் விவசாயிகள் மதுரைக்கு நடந்தார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்கள் செய்தது சரி, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனாலும் டங்ஸ்டனே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உன் போர்வெல் போட்ட பிட்டின் முனையில் இருந்த பொத்தான்கள் டங்ஸ்டன் கார்பைடுதான். அது இல்லாமல் நம் கருங்கல்லில் அறுநூறு அடி இறங்கியிருக்காது. மேலூரில் என்னை வருத்துவது வேறு. புவியியலாளர்கள் அந்த மலைகளில் நடந்து, கல் எடுத்து, அறிக்கை எழுதினார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு விஷயம் தெரிந்தது ஏலச் செய்தி வந்த பிறகு. எங்கள் தொழிலின் குறை இது. தேடும்போதே ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால், கோயில் எங்கே, சுனை எங்கே என்று அந்த மக்களே விரல் நீட்டிக் காட்டியிருப்பார்கள்.

2023-ல் சட்டத்தைத் திருத்தி, செம்பு, தங்கம் உட்பட 29 கனிமங்களுக்குத் தனியாரும் ஆய்வு உரிமம் பெற வழி செய்திருக்கிறார்கள். டங்ஸ்டன் போன்ற 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. ஆகவே நம் பக்கம் இனி ஆட்கள் வருவது கூடும். அதை மனதில் வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நமக்கு வேண்டியது தண்ணீரின் கணக்கு. திண்டுக்கல்லைச் சுற்றி தோல் ஷாப் கழிவு இறங்கிய கிணறுகளை நீ பார்த்திருக்கிறாய், தென்னை எப்படிக் காய்ந்தது என்று உனக்குத் தெரியும். நிலக்கோட்டைப் பக்கம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. அது ஃபுளோரைடு. எந்த ஆலையும் கலந்ததில்லை, பாறையிலிருந்தே போர்த் தண்ணீரில் கரைந்து வருவது. ஓடை மண்ணில் தங்கத்தை அளக்கும் அந்த ஆய்வு மையத்தின் திட்டம் ஃபுளோரினையும் அளக்கிறது. முடிவுகளைப் பூகோஷ் என்ற தளத்தில் போடுகிறார்கள். எங்கள் அலுவலகங்களில் அதைக் கனிமத்துக்காகத்தான் புரட்டுவார்கள். எந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போர் போடக் கூடாது என்று பார்ப்பதற்கும் அதையே புரட்டலாம்.

அதனால் இப்படிச் செய். வந்தவர்கள் எந்த நிறுவனம், எந்த உத்தரவின் பேரில் வந்தார்கள் என்று எழுத்தில் வாங்கி, ஊராட்சித் தலைவரிடம் ஒரு நகல் கொடு. நம் ஓடை மாதிரியின் முடிவு, ஃபுளோரின் எண் உட்பட, ஊராட்சிக்கு வர வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொல். துளை போடுகிற கட்டம் வந்தால், அதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறு, போர் எல்லாவற்றின் நீர்மட்டத்தையும் அளந்து தேதியோடு எழுதி வைத்து, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு நட்டம் என்று சொல்ல நேர்ந்தால் அந்தத் தாள்தான் பேசும். முடித்த துளையை சிமென்ட் ஊற்றி அடைக்காமல் வண்டியை நகர விடாதீர்கள்.

கண்வலிக்கிழங்குத் தோட்டத்துப் போரில் இரண்டு லிட்டர், குடகனாற்றோரக் கிணற்றில் இரண்டு லிட்டர், கழுவிய பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, எந்தப் புட்டி எந்தத் தண்ணீர் என்று எழுதி ஒட்டி, அடுத்த வாரம் இங்கே வரும் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிடு. கண்ணாடிப் புட்டி வேண்டாம், ஃபுளோரைடு அளவு தப்பாக வரும். நான் இங்கே ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து எழுதுகிறேன். ஆத்தாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
உன் அக்கா