இருவகை நீரும் ஒருவகைக் கடனும்

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகையாகப் பகுத்தார். அவைக்கண் கூறலாகாததனை மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் பெயர் குழூஉக்குறி. ‘கால் கழுவி வந்தான்’ என்னும் எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதுந்தோறும் வகுப்பிற் சிரிப்பொலி எழும். ஒரே சொல் இவ்விரண்டும் ஆதல் கூடுமோ என மாணவன் ஒருவன் ஒருமுறை வினாவினான். அதற்குத் தக்க எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்த இடம் கனடா நாடு. விழா மலரிற் கழிவுநீரைப் பற்றி எழுதுதல் தகுமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். முற்றும் படித்தபின் அவர்களே முடிவு கூறுவாராக.

2019ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பரின் அழைப்பை ஏற்று ரொறன்ரோ சென்றோம். அவர் வீட்டு வண்டியொன்றை ஒரு கிழமைக்கு வாடகைக்கு அமர்த்தி, ஒன்ராறியோ மாகாணத்து அல்கோன்குயின் பூங்காவிற்கு எம்மை அழைத்துச் சென்றார். 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அப்பூங்கா ஏரிகளும் மேப்பிள் மரங்களும் நிறைந்த பெருங்காடு. அதன் எழிலை வருணிப்பார் பலர் உளர். யாம் கூற விழைவது வண்டியின் அடியில் இருந்த மூன்று தாங்கிகளைப் பற்றியே.

ஒன்று நன்னீர்த் தாங்கி. மற்றொன்று பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேர்வது. அதனைச் ‘சாம்பல் நீர்’ என்பர். மூன்றாவது மலசலகூடத்துக் கழிவு சேர்வது. அது ‘கரு நீர்’. வண்டிக்காரர் தமக்குள் வழங்குதலாற் குழூஉக்குறி. நாணத்தக்கதை நிறத்தால் மறைத்தலால் இடக்கரடக்கல். மாணவனுக்குரிய விடை வந்து வாய்த்தது.

அவற்றைப் பேணும் முறையில் நுட்பம் பல உள. கருநீர்த் தாங்கியின் வால்வை எப்பொழுதும் திறந்து வைத்தலாகாது. திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்தோட, திண்மம் அடியிற் குவிந்து கல்லாய் இறுகும். தாங்கி மூன்றில் இரு பங்கேனும் நிரம்பிய பின்னரே திறத்தல் வேண்டும். அப்பொழுது நீரின் விசையே அனைத்தையும் அடித்துச் செல்லும். பூங்காவிற் கழிவகற்றுதற்கென இடம் உண்டு. ஆங்குக் கையுறை அணிந்து, 3 அங்குலக் குழாயைப் பொருத்தி, முதலிற் கருநீரையும் பின்னர்ச் சாம்பல் நீரையும் விடுவர். முறை மாறலாகாது, பின்வருவது முன்சென்றதன் குழாயைக் கழுவுதல் வேண்டும். பின்னர்க் கருநீர்த் தாங்கியிற் சில லீற்றர் தூய நீரை வார்த்து வைப்பர். நன்னீர் ஏற்றும் குழாயோ வேறு. அதனைக் கழிவுக் குழாயோடு ஒரே பெட்டியில் வைக்கவும் நண்பர் இசைந்திலர்.

தாங்கி நிரம்பியமையைக் காட்டச் சுவரிற் சிறு விளக்குகள் உண்டு. உள்ளே தாள் ஒட்டிக்கொண்டால் அவை பொய் கூறும். ஆதலின், விரைவிற் கரையும் மெல்லிய தாளையே பயன்படுத்துவர். சாம்பல் நீர்த் தாங்கி சிறிதாகலின், உணவுத் தட்டை வழித்த பின்னரே கழுவுதலும், சவர்க்காரம் இடும்பொழுது நீரை நிறுத்துதலும் வழக்கம். தன் கழிவின் அளவு தன் கண்முன் நிற்றலால், எவரும் அறிவுரை கூறாமலே சிக்கனம் பிறக்கின்றது.

நண்பர் ஒரு நிறுவனத்தில் உயர்பதவி வகிப்பவர். கூசாது குழாயைப் பற்றி நின்ற அவரை வியந்து நோக்கினோம். அவர் திரும்பிப் பாராமலே, “மச்சான், அந்தப் பள்ளிக்கூடத்துக் கிணத்தை மறந்திட்டியே?” என்றார்.

மறந்திலேம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்வின்போது இருவர் குடும்பமும் தென்மராட்சியில் ஒரு பாடசாலையிற் தங்கின. வகுப்பறைக்குப் பல குடும்பம், அனைவர்க்கும் மலசலகூடம் நான்கு, கிணறு ஒன்று. கார்த்திகை மழையிற் குழிகள் நிரம்பி வழிந்தன. கிணற்று நீரின் நிறம் மாறிற்று. பிள்ளைகள் பலர் வயிற்றோட்டத்தால் வாடினர். நண்பரின் தங்கை மீண்டிலள். அவளுக்கு வயது ஐந்து. அதன்பின் கழிவகற்றும் இடத்தில் இருவரும் பேசவில்லை. அவர் குழாயை இருமுறை கழுவினார்.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறு எமக்கு இல்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாய் மிதக்கின்றது. அதையே கிணறுகளில் அள்ளுகின்றோம். நன்னீர் புகும் வழியே கழிவும் புகும். அடித்தளம் இல்லாக் குழிகளாலும் தோட்டங்களில் அளவின்றி இடும் உரத்தாலும் நைத்திரேற்று நிலத்தடி நீரிற் கலக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைக் கடந்த கிணறுகள் குடாநாட்டில் உள்ளன. அந்நீர் பாற்குழந்தைகளின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். கொதிக்க வைப்பினும் நைத்திரேற்று நீங்காது.

வண்டியில் மூன்று நீருக்கும் மூன்று தாங்கி. எம் மண்ணிலோ மூன்றிற்கும் தாங்கி ஒன்றே. அதற்கு விளக்கும் இல்லை, வால்வும் இல்லை. எனினும் எம் முன்னோர் இப்பாகுபாட்டை அறியாதவரல்லர். கிணற்றடியிற் குளித்த நீரை வாழைக்கும் கமுகுக்கும் பாய்ச்சி, மறைவிடத்தைக் கிணற்றுக்குச் சேய்மையில் வைத்தனர். வளவுகள் துண்டுபட்டு வீடுகள் நெருங்கிய இக்காலத்தில் அச்சேய்மைக்கு இடமில்லை. ஆதலின், அடியும் சுவரும் கசியாத தொட்டி கட்டி, உரிய காலத்திற் பவுசர் கொண்டு அகற்றுவித்தலே வழி.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் பாடசாலைகளுக்கு மண்டபங்களும் வாயில்களும் அமைத்து உதவுகின்றனர். அவர்தம் கொடை வாழ்க. மண்டபத்தின் முகப்பிற் பெயர் பொறிக்கலாம். கசியாத தொட்டியிற் பொறித்த பெயரைப் படிப்பார் எவருமிலர். ஆயினும் ஐந்து வயதுப் பிள்ளை அச்சமின்றி நீர் பருகுமாயின், அதனினும் சிறந்த கல்வெட்டு யாது?